அடுத்த கேள்வி எதுக்கு?

ஊழியர் விவரங்களைப் படித்து, கம்பெனியின் குடும்ப விழாவுக்குச் சாப்பாட்டுச் சீட்டு அச்சடிக்கும் புரோகிராமை எழுதிக்கொண்டிருந்தாள் ஐரீன். முதல் நிபந்தனை பொருந்தினால் மற்றதைக் கேட்காமல் விட்டுவிடும் ‘எல்ஸ்’ போதும் என்று பக்கத்தில் நின்று வாதாடினான், அதே கம்பெனியில் வேலை செய்யும் லாரன்ஸ். சனிக்கிழமைதோறும் பெர்ரிப் படகு ஏறி, அக்கரையில் சுங்கை பாக்காப்பில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போகும் நல்ல பிள்ளை. அடுத்த மாதம் அவனுக்கும் ஐரீனுக்கும் நிச்சயதார்த்தம்.

"‘எல்ஸ்’ போட்டு எழுதுலா! ஊழியர்னு தெரிஞ்சா ஒரு சீட்டு. அதோட நிக்கட்டும். அடுத்த கேள்வி எதுக்கு?"

"அப்ப பெண்டாட்டி பிள்ளையெல்லாம் பட்டினியா? ஒவ்வொண்ணையும் தனித்தனியா ‘இஃப்’ போட்டுக் கேக்கணும்."

"உன் பிடிவாதம் இருக்கே!"

"கல்யாணத்துக்கு அப்புறம் திட்டுங்க." சிரித்தபடியே, சோதனைக்கு அவனுடைய ஊழியர் எண்ணைத் தட்டினாள்.

"வேற யாரோடதாவது போடு..." என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் திரையில் எழுத்துகள் வந்துவிட்டன.

ஊழியர்: ஒன்று. மனைவி: ஒன்று. குழந்தைகள்: இரண்டு.

ஐரீன் தட்டிய எண்ணை மறுபடி சரிபார்த்தாள்.

"லாரன்ஸ்... இது உங்க நம்பர்தானே?"

அவன் தலை நிமிரவில்லை.

"அதுக்குத்தான் ‘எல்ஸ்’ போடச் சொன்னேன்" என்றான்.