இரண்டு பெட்டி, இரண்டு துகள்

எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்கும் ஸமீஹாவுக்கு மறுநாள் புள்ளியியல் எந்திரவியல் பரீட்சை. கணவன் முஆத் புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டான்.

“பெட்டிக்கு ஒண்ணா, அச்சு அசல் ஒண்ணு போல ரெண்டு துகள். இடம் மாத்தி வச்சா புது நிலையா?”

“ஒரே நிலைதான். இதையே மூணு தடவை கேட்டுட்டீங்க மச்சான்.”

“மாத்துனது யாருக்கும் தெரியாதா?”

“துகள்ல பேரா எழுதியிருக்கு?”

முஆத் நிம்மதியாகப் புத்தகத்தை மூடினான்.

“அப்பம் கோவப்படாத. குளிப்பாட்டித் தொட்டில்ல போட்டேன். எவன் எவன்னு தெரியல.”

ஸமீஹா எழுந்து போய் இரண்டு தொட்டில்களையும் எட்டிப் பார்த்தாள். தூங்கிய இரட்டைப் பிள்ளைகளைப் பையத் தூக்கி, இடம் மாற்றிப் போட்டாள்.

“ஒரே நிலைன்னு சொன்ன?”

“பரீட்சையிலயும் அப்படித்தான் எழுதுவேன். துகளுக்குப் பெத்த உம்மா கிடையாதுல்லா.”