ஒரு சொல்லும் விடுபடவில்லை

தணிகாசலம் வீட்டில் ஒலிப்பதையெல்லாம் பதிந்துவைக்கும் கணினி நினைவகத்தைப் பழைய அமைப்பிலிருந்து புதியதற்கு மாற்றி முடித்த முதுநிலை இடமாற்ற வல்லுநர், தேசத்தையே கரையேற்றிவிட்டவர் போலக் கைகுலுக்கினார்.

"இந்த வீட்டுல பேசினது, பாடினது, ஒரு சொல் விடுபடல சார். கணக்கு நடப்புல இல்லாதவங்க பதிவை மட்டும் குடும்பத் தலைவர் பேருக்கும் குரலுக்கும் மாத்திட்டோம். அதான் விதிமுறை."

இறந்துபோன மனைவி செண்பகாவின் கணக்கைத் தானே மூடியது தணிகாசலத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

"பழைய பதிவு இருக்குமில்லே?"

"அழிச்சாச்சு சார். எதுக்கு ரெண்டு?"

உள்ளே மகள் தேன்மொழி, தூங்கப்போகுமுன் வழக்கம்போல, அம்மாவின் தாலாட்டைப் போடச்சொல்லிச் சுவரில் பதித்த ஒலிபெருக்கியிடம் கேட்டாள். தணிகாசலத்தின் குரல் பாடியது.

அவள் எழுந்து வந்து அவரையே பார்த்தாள்.

"இத்தனை நாளும் அம்மான்னு நெனச்சிட்டிருந்தேன். பாடினது நீயாப்பா?"