வீட்டுப் பங்கு

"அந்த லேப் அம்மா மாதிரி ஒரு கஞ்சப் பிறவியை நான் பார்த்ததே இல்லை" என்பார் முதலாளி.

ஏதோ லேபில் வேலையாம் அவளுக்கு. எனக்கும் அவளைக் கண்டாலே ஆகாது. மீன் கழுவி வெட்டிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. வாராவாரம் ஒரு கிலோ மத்தி மீன் வாங்குவாள். கழுவக் கூடாது, குடலை எடுக்கக் கூடாது, என் கத்தியே படக் கூடாது.

"வெட்டுக்கூலியை மிச்சம் பிடிச்சு மாளிகை கட்டப் போறியாம்மா?" என்று ஒருநாள் கேட்டும் விட்டேன்.

அப்புறம் இரண்டு மாதமாக ஆளையே காணோம். விட்டது சனியன் என்று இருந்தேன்.

முதலாளி தாராளம். காலையில் கூடையைப் பிரித்ததும் முதல் ஒரு கிலோ மத்தியைத் தன் வீட்டுக்கு எடுத்து வைப்பார். வீட்டுப் பங்கு. அவர் மகள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. என் மகளுக்கும் அதே ஐந்து மாதம்.

ஒருநாள் அந்தப் பங்கை என் பையில் போட்டார்.

"என்ன முதலாளி?"

"என் மகளுக்கு மீன் வாடையே ஆகலைப்பா, குமட்டுதாம். உன் மகளாவது சாப்பிடட்டும். மத்தி எண்ணெய் பிள்ளையோட மூளைக்கு நல்லதுன்னு டாக்டரே சொல்றாங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று முதல் தினமும் கொடுத்தார். "முள்ளையும் மென்னு முழுங்கு, சுண்ணாம்புச் சத்து" என்று மகள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட வைத்தேன்.

இன்று லேப் அம்மா மறுபடி வந்தாள்.

"இந்த மீனை இன்னும் விக்கிறீங்களா?"

"மெதுவா பேசுங்க" என்றார் முதலாளி.

நான் விடவில்லை. "வாராவாரம் வாங்கித் தின்னவதானே நீ?"

"ஒரு துண்டு நான் வாயில வைக்கலை, பெரியவரே. எல்லாம் பரிசோதனைக்கு. பேட்டரி ஆலைக் கழிவு கடல்ல விழற இடத்துல பிடிச்ச மீன் இது. சத்தும் இருக்கு, ஈயமும் இருக்கு. மாசமா இருக்கிறவங்க தொடவே கூடாது. வயித்துப் பிள்ளையோட மூளையைக் கெடுத்துடும்."

என் மகளுக்கு இப்போது ஏழு மாதம்.

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? வாயில பூட்டா போட்டிருந்தே?"

"கடைசியா வந்தன்னிக்கு எழுதியே கொடுத்தேனே. நீங்களும் இங்கேதான் நின்னீங்க."

நின்றேன். முதலாளி அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். தராசுக்கு அடியில் மடித்து வைத்தார். என்ன என்று கேட்டேன். "கடையைச் சுத்தமா வெச்சுக்கணுமாம்" என்றார். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். வாங்கிப் பார்க்கவில்லை.

முதலாளியைப் பார்த்தேன். அவர் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கடிதம் வந்த அன்று மதியம்தான், அவர் வீட்டுப் பங்கு முதல்முதலாக என் பையில் விழுந்தது.