நீங்கள் வரும்வரை இப்படி இல்லை

மருத்துவர் ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். அவள் நின்றாள்.

நின்றால் நின்றுவிட்டுப் போகட்டும். சிரித்துக்கொண்டே வேறு நின்றாள்.

சுவரோரம் நின்றிருந்த அவள் கணவர், ஃப்ரிட்ஜ் மெக்கானிக், வேண்டாம் வேண்டாம் என்று மருத்துவர் முதுகுக்குப் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினார்.

வந்திருப்பவர் நீச்சல்குள நிர்வாகம் அனுப்பிய மருத்துவர். நாள்பட்ட சோர்வு நோய் என்று விடுப்பில் கிடக்கும் பயிற்சியாளருக்கு நிஜமாகவே முடியவில்லையா, இல்லை நடிக்கிறாளா என்று வீட்டுக்கே வந்து பார்த்து முடிவு சொல்லவேண்டியவர். வேலை செய்யலாம் என்று அவர் எழுதிவிட்டால், திங்கட்கிழமை காலை அவள் கழுத்தில் விசிலோடு குளத்தில் நிற்கவேண்டும்.

போன வருஷம் இன்னொரு மருத்துவர் அப்படித்தான் எழுதினார். இவளும் ரோஷத்தோடு போனாள். ஒரே ஒரு நாள். அதற்குப் பிறகு கோடை முழுக்க, மென்று விழுங்கக்கூடத் தெம்பில்லாமல் படுத்துவிட்டாள். மெக்கானிக்தான் எல்லாவற்றையும் கரைத்துக் கரைத்து ஊட்டினார். இன்னொரு முறை அப்படிப் படுத்தால் எழுந்திருப்பாளா என்று அவருக்குத் தெரியாது. அதை நினைக்கவே பயந்தார்.

அதனால்தான் காலையிலேயே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நடிக்கவெல்லாம் வேண்டாம் தாயே, தலையைச் சீவாமலாவது இரு என்று.

அம்மணி கேட்டால்தானே. குளித்து, சீவி, கண்ணுக்கு மை வைத்து, பெட்டியில் கிடந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். வெளியாள் ஒருத்தர் வீட்டுக்கு வந்தே எத்தனை காலமாயிற்று, அவர் எதிரில் பிணம் மாதிரியா உட்காருவது என்று கேட்டாள். மருத்துவர் உள்ளே வந்ததும் எழுந்து நாற்காலியை வேறு இழுத்துப் போட்டாள்.

மெக்கானிக் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

மருத்துவர் சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் துள்ளியது. கண்ணில் டார்ச் அடித்தார். கண்மணி ஒழுங்காகச் சுருங்கியது. தன் கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடித்த பிடியில் மருத்துவர்தான் கையை உதறிக்கொண்டார்.

நரம்பில் ஒரு குறையும் இல்லை. இதுவரை எடுத்த படங்களும் அதையேதான் சொல்லின. ஒரே ஒரு மருத்துவர் மட்டும், நரம்பு மண்டலம் ஆபத்து ஆபத்து என்று ஓயாமல் மணியடித்துக்கொண்டிருக்கிறது, அதை நிறுத்தத் தெரியவில்லை, அதிலேயே உடம்பு தீர்ந்துபோகிறது என்றார். சொன்ன புண்ணியவான் அடுத்த மாதமே மாற்றலாகிப் போய்விட்டார். மெக்கானிக்கின் தங்கையோ, படுத்தே கிடந்தால் யாருக்குத்தான் எழுந்திருக்கத் தோன்றும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

இதில் கொடுமை என்னவென்றால், மெக்கானிக்குக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. கையை வீசிப் பேசுகிற, வந்த மருத்துவரையே கிண்டல் செய்கிற இந்தப் பெண்ணைத்தான் அவர் கட்டிக்கொண்டது. இவளைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் போலவும் இருந்தது, ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தவேண்டும் போலவும் இருந்தது.

அவர் தொழிலில் இது தினப்படி நடப்பதுதான். வாரக்கணக்காகக் குளிராத ஃப்ரிட்ஜ், அவர் போய் எதிரில் நின்றதும் ஜம்மென்று குளிரும். வீட்டுக்காரர்கள் திருதிருவென்று முழிப்பார்கள், சத்தியம் செய்வார்கள். அவர் ஒருத்தரையும் நம்பியதில்லை. வந்துபோன கூலியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

மருத்துவர் சுத்தியலைப் பைக்குள் போட்டார்.

மெக்கானிக்குக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“நீங்க வர்ற வரைக்கும் இப்படி இல்ல சார்.”

சொன்ன பிறகுதான், எத்தனை பேர் இதையே தன்னிடம் சொல்லியிருக்கிறார்கள் என்று உறைத்தது. காதெல்லாம் சுட்டது.

மருத்துவர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அவளைப் பார்த்துக் கேட்டார்.

“இன்னிக்கு இப்படி நிக்கறதுக்கு எத்தனை நாள் அசையாம படுத்திருந்தீங்கம்மா?”

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. கணவர் உட்பட.

அவள் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல இறங்கியது. பன்னிரண்டு நாள் என்றாள்.

பன்னிரண்டு நாளாக அவள் ஒரு வார்த்தை பேசாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தது மெக்கானிக்குக்குத் தெரியும். தன்மேல் ஏதோ கோபமாக்கும் என்று அவர் பாட்டுக்கு இருந்துவிட்டார்.

மருத்துவர் தலையாட்டினார். வேலைக்குப் போகிற நிலையில் இல்லை என்றுதான் எழுதப்போவதாகச் சொன்னார். இன்றைக்குச் செய்ததற்கெல்லாம் நாளைக்கு உடம்பு பழிவாங்கும், யாரையும் பார்க்க விடாதீர்கள் என்றும் சொன்னார்.

அப்பாடா என்றிருந்தது மெக்கானிக்குக்கு. எங்கே மனுஷன் மனசு மாறிவிடப்போகிறாரோ என்று, ஓடிப்போய்க் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார்.

மருத்துவர் எழுந்திருக்கவில்லை.

பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். நெற்றி வேர்த்திருந்தது. பேசியபோது குரல் பாதிதான் வந்தது.

“அந்த விளக்கைக் கொஞ்சம் அணைச்சிடறீங்களா? படி இறங்கத் தெம்பு வந்ததும் போயிடறேன். இதை மட்டும் ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

மெக்கானிக் சத்தம் வராமல் கதவைச் சாத்தினார். விளக்கை அணைத்தார்.

மருத்துவர் கண்ணை மூடிக்கொண்டார். எதிர் நாற்காலியில் அவள் ஏற்கெனவே மூடியிருந்தாள்.

மெக்கானிக் ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டு, இரண்டு பேருக்கும் தண்ணீர் எடுத்துவரப் போனார்.