தலை தெரியாத வட்டம்

"இதுக்குத் தலைவன் யாருன்னு மட்டும் சொல்லுங்க சார். மத்ததை நான் பாத்துக்கறேன்."

கல்லூரி முதல்வர் மேஜை மேல் கிடந்த தாளை விரலால் தட்டினார். மின்விசிறிக் காற்றில் அது பறக்கப் பார்த்தது. குடித்துக்கொண்டிருந்த காபிக் கோப்பையை அதன் ஓரத்தில் வைத்து அமுக்கினார்.

எதிரே உட்கார்ந்திருந்த வரலாற்று வாத்தியார் எட்டிப் பார்த்தார். தாளின் நடுவே ஒரு வட்டம். வட்டத்துக்குள் பொடிப்பொடி எழுத்தில் ஒரு புகார். சுற்றிலும் சூரியகாந்தி இதழ் மாதிரி கையெழுத்துகள்.

"என் வகுப்புப் பசங்களா?"

"சாட்சாத் உங்க வகுப்பேதான். முன்னூறு வருஷத்துக்கு முந்தி ஜப்பான்ல ஜனங்க எப்படி வாழ்ந்தாங்கன்னு ஒரு பாடம் எடுக்கறீங்களே, அதைப் பத்தித்தான். கேளுங்க."

முதல்வர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"'எங்களுக்குக் கொடுத்த மூல ஆவணங்கள் அத்தனையும் அரசாங்கம் போட்ட உத்தரவுகள். சீக்கிரம் எழு, பட்டு உடுத்தாதே, வரியைக் கட்டு. அந்த ஜனங்கள் வாய் திறந்து பேசியதாக ஒரு வார்த்தை இல்லை. சார் வாசிக்க ஆரம்பித்தால் முன்வரிசையில் கொட்டாவி, பின்வரிசையில் குறட்டை. ஆவணங்களை மாற்றுங்கள். முடியாவிட்டால் சாரை மாற்றுங்கள்.'"

வாத்தியாரின் முகம் சுருங்கிப் போனது. அந்த உத்தரவுகளைப் பொறுக்கி எடுக்க ஒரு கோடை விடுமுறையையே தின்றவர் அவர். மச்சினியின் கல்யாணத்துக்கு மனைவி கூப்பிட்டபோது, "இந்த விவசாயிகளை நடுவுல விட்டுட்டு எப்படி வர்றது?" என்று கேட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

"ஜனங்க பேசினது ஒண்ணு கூட இல்லையாமா? போன வாரம் கொடுத்தேனே சார்! இந்த வட்டமே அதுதான்!" உற்சாகத்தில் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "வரி தாங்காத கிராமத்து ஜனங்க சேந்து மனு கொடுப்பாங்க. வரிசையாக் கையெழுத்துப் போட்டா, முதல்ல இருக்கறவன் மாட்டிக்குவான். அதனால சுத்திச் சுத்தி வட்டமாப் போடுவாங்க. யார் ஆரம்பிச்சான்னு அதிகாரி தலைகீழா நின்னாலும் தெரியாது. வகுப்பே அசந்துபோச்சு சார். வெறும் வட்டம் ஒண்ணு வரைஞ்சு, கையெழுத்துப் போட்டு எல்லாருமா செஞ்சு பாத்தோம்!"

"அப்ப இந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதானா?"

வாத்தியார் நாற்காலியின் முதுகுப் பக்கத்துக்கே திரும்பிப் போனார்.

"இங்க பாருங்க சார். நாளைக்குப் பாடத்திட்டக் குழு கூடுது. புகார் இப்படியே நின்னா, உங்க பாடத்தைத் தூக்கிட்டு அந்த நேரத்துக்குக் கம்ப்யூட்டர் வகுப்பைப் போட்டுடுவாங்க. தூண்டிவிட்ட ஆள் முன்னால வந்து, பாதிக்கப்பட்ட ஆசிரியருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிட்டா, புகாரைக் கிழிச்சுப் போட்டுடலாம். ஆளைச் சொல்லுங்க."

போன வாரம்தான், ஊர்க்காரர்களை அதிகாரியிடம் காட்டிக் கொடுப்பவர்களைப் பற்றி வகுப்பில் வாத்தியார் பொரிந்து தள்ளியிருந்தார். "அவனெல்லாம் ஒரு மனுஷனா?" என்று கரும்பலகையைக் குத்தியதில் விரல் வேறு வீங்கியிருந்தது. இன்று அந்த வீங்கின விரலையே நீட்டிக்கொண்டு தாள் மேல் குனிந்தார்.

"இவன் இல்லை சார். பரீட்சைக்கே லேட்டா வர்றவன், புகாருக்கா முதல்ல வருவான்? இந்தப் பொண்ணும் இல்லை. பேனாவே கொண்டு வராது. இவன் ரெண்டு வரி எழுதினா மூணு தப்பு வரும். இதுல ஒரு தப்பு கூட இல்லையே..."

"யாருன்னுதான் சார் கேட்டேன். யார் யார் இல்லைன்னு கேக்கலை."

"பொறுங்க. இதுக்கு நானே ஒரு வழி கண்டுபிடிச்சு வெச்சிருக்கேன்." வாத்தியாரின் குரலில் வகுப்பறைக் களை வந்துவிட்டது. "முதல்ல போடறவனுக்குத் தாள் பூரா காலி. கை காலை நீட்டிப் படுத்த மாதிரி தாராளமாப் போடுவான். அப்புறம் வர்றவன்லாம் இடுக்குல நுழைஞ்சு ஒடுங்கிக்குவான். எந்தக் கையெழுத்து இடத்தை அடைச்சுக்கிட்டு ஆடம்பரமா நிக்குதோ, அவன்தான் தலைவன். சந்தேகமே வேண்டாம்."

"பலே! வரலாறு படிச்சதுக்கும் ஒரு பிரயோஜனம் இருக்கு போல. கண்டுபிடிச்சப்புறம் மனசு இளகிட மாட்டீங்களே? உங்க பசங்க..."

"எங்க பசங்களாவது ஒண்ணாவது! நாலு வரியில தப்பிக்க விடாதீங்க சார். ஒரு பக்கம் முழுசா எழுதட்டும். அப்பத்தான் புத்தி வரும்."

முதல்வர் தாளைக் கூர்ந்து பார்த்தார். "எல்லாமே நெருக்கியடிச்சுக்கிட்டுத்தானே இருக்கு..." என்று முணுமுணுத்தபடி, மிச்சக் காபியைக் குடிக்கக் கோப்பையைத் தூக்கினார். தூக்கிய கை பாதியில் நின்றது.

"அடடே! கோப்பைக்கு அடியில ஒண்ணு ஒளிஞ்சிருக்கு சார். மூணு பேர் இடத்தை ஒரே ஆள் வளைச்சுப் போட்டிருக்கார். கீழ நீளமா ஒரு கோடு, கோட்டுக்கு அடியில ரெண்டு புள்ளி."

"அவனேதான்!" வாத்தியார் மேஜையைத் தட்டினார். "பிடிங்க சார் அவனை!"

"வகுப்புல வெறும் வட்டம் வரைஞ்சீங்களே, அதே தாளுக்கு நடுவுலதான் பசங்க புகாரை எழுதியிருக்காங்க. எப்படிப் போடணும்னு பசங்களுக்கு முதல்ல போட்டுக் காட்டினது யாரு சார்?"

மேஜையைத் தட்டிய கையை வாத்தியார் மெல்ல இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். முதல்வர் தாளைத் திருப்பி அவர் பக்கம் தள்ளி, அதன் மேல் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் வைத்தார்.

"சம்பளப் பட்டியல்ல மாசாமாசம் நான் பாக்கற கையெழுத்தாச்சே இது! ஒரு பக்கம் முழுசா எழுதுங்க. 'பாதிக்கப்பட்ட ஆசிரியர் அவர்களுக்கு'ன்னு ஆரம்பிச்சு உங்க பேரைப் போட்டு, கீழேயும் உங்க பேரையே போட்டுடுங்க."