மாதிரிக்கு ஒரு கால்

குருவம்மாளின் முழங்காலுக்குப் பின்னால் ஜெல்லைத் தடவி, ஸ்கேன் கருவியை வைத்தார் டாக்டர் எப்சிபா.

திரையில் ஒரு கறுப்பு வட்டம்.

"இதுதான் ரத்தக்குழாய். நான் அழுத்தும்போது மூடிக்கிட்டா ஒண்ணுமில்ல. மூடலைன்னா உள்ளே ரத்தம் கட்டியிருக்கு. அந்தக் கட்டி நுரையீரலுக்கு ஏறினா உயிருக்கே ஆபத்து."

அழுத்தினார். மூடிக்கொண்டது. தொடையிலும் மூடிக்கொண்டது.

"கட்டி இல்லை. பயப்படாதீங்க."

குருவம்மாளின் கணவர் கருப்புசாமிக்கு அது போதவில்லை. குமுளியில் முப்பது வருஷமாக ஏலக்காய் வியாபாரம். தேங்காய் வாங்கினாலும் நாலைத் தட்டிப் பார்த்துவிட்டு முதலாவதையே எடுக்கிறவர். கால் வலி, கால் வலி என்று மனைவி நச்சரித்ததால் இன்றைய ஏலத்தையே விட்டுவிட்டு வந்திருந்தார். சும்மா திரும்புவாரா?

"ஒரு சாக்கை மட்டும் பிரிச்சுப் பாத்துப்புட்டு சரக்கு நல்லதுன்னு நான் ஒத்துக்குவேனா டாக்டரம்மா? இன்னொரு ஆளு காலையும் அமுக்கிக் காட்டுங்க. ரெண்டும் ஒண்ணுபோல இருந்தாத்தான் உங்க மெஷினை நம்புவேன்."

"யார் காலை?"

"என் காலு சும்மாதான இருக்கு."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. குருவம்மாள் கட்டிலிலிருந்து இறங்கி இடம் விட்டாள். கருப்புசாமி வேட்டியை ஒதுக்கிக்கொண்டு ஏறிப் படுத்தார்.

"இடது காலைப் பாருங்க," என்றாள் குருவம்மாள்.

டாக்டர் அழுத்தினார். வட்டம் அப்படியே இருந்தது.

கொஞ்சம் நகர்த்தி, இன்னும் பலமாக அழுத்தினார்.

அப்படியே இருந்தது.

"என்ன, மெஷினு மக்கர் பண்ணுதாக்கும்?" கருப்புசாமியின் குரலில் ஜெயித்துவிட்ட குஷி.

டாக்டர் அவருடைய கெண்டைக்காலைத் தொட்டார். வீங்கி, சூடாக இருந்தது.

"எத்தனை நாளா வலி?"

"வலியா? எனக்கா?"

"அஞ்சு நாளா," என்றாள் குருவம்மாள். "டெல்லிக்குப் போயி, ரயில்லயே உக்காந்து வந்ததுலருந்து. கூப்பிட்டா வர்ற ஆளா டாக்டரம்மா இவரு? எனக்கு வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் காலைக் காட்டுனா, ஒத்துப் பாக்கத் தன் காலை நீட்டுவாருன்னு தெரியும்."

டாக்டர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்.

கருப்புசாமி எழுந்திருக்கப் பார்த்தார்.

"அசையாதீங்க." தோளைப் பிடித்து அவரைப் படுக்க வைத்தாள் குருவம்மாள்.

ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தக் கையை அவள் எடுக்கவே இல்லை.