பத்தாவது டம்ளர்

அன்னவாசலைத் தாண்டியிருந்த அந்த முதியோர் விடுதியில் மொத்தம் ஒன்பது பேர். என் ஆத்தா மூக்காயி ஒன்பதாவது ஆள். கொண்டுபோய்ச் சேர்த்தது அண்ணன் நல்லதம்பி. மாதம் ஒருமுறை பார்த்துவிட்டு வந்து, "நல்லாத்தான் இருக்கு" என்பான்.

அறுபத்திரண்டாம் வருஷம் வைகாசியில் நானும் அவனோடு பஸ் ஏறினேன். ஆத்தாளின் உதடு வெடித்திருந்தது. முதுகெல்லாம் படுக்கைப் புண். கட்டில் சட்டத்தை விரலால் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"ஆத்தாவோட டம்ளர் எங்க?" என்று மேனேஜரைக் கேட்டேன்.

"எல்லாருதையும் வாங்கிப் பூட்டிட்டோம்மா. தண்ணி கேட்டு டம்ளரைத் தட்டிக்கிட்டே இருக்காக. குடிச்சா படுக்கையை நனைச்சிருறாக."

"போன மாசமே சொன்னாரு, ராசாத்தி" என்றான் அண்ணன்.

சாவியைப் பிடுங்கி அலமாரியைத் திறந்தேன். எல்லாம் அவரவர் வீட்டுப் பித்தளை டம்ளர்கள். ஒவ்வொன்றிலும் பெயர் வெட்டியிருந்தது. பெயரைப் பார்த்துப் பார்த்துத் தண்ணீர் மொண்டு ஒன்பது பேருக்கும் கொடுத்தேன்.

ஒன்று மிஞ்சியது. புத்தம் புதியது. அதில் 'நல்லதம்பி' என்று வெட்டியிருந்தது.

"அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லியே" என்றார் மேனேஜர். அண்ணன் அதை வாங்கி உள்ளே வைத்து, அவனே பூட்டினான்.

"மத்தவங்களுக்காக நாளைக்கே தாசில்தார் ஆபீசுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு ஆத்தாளைத் தோளில் தூக்கிக்கொண்டேன்.

வாசலைத் தாண்டும்போது, பூட்டிய அலமாரிக்குள் டம்ளர் தட்டும் சத்தம் கேட்டது. அண்ணன் நின்றான். வறண்ட உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டான்.